தசைக்கு மின்சாரம்: எங்கே உதவும், எங்கே உதவாது

நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர் கடை வைத்துப் பிழைப்பவர்கள். காலையில் கதவு திறந்தது முதல் இரவில் கல்லாவைப் பூட்டும் வரை நின்ற காலோடு நிற்பதும், லாரியில் வந்த அரிசி மூட்டையையும் எண்ணெய்ப் பெட்டியையும் பையன்களோடு சேர்ந்து இறக்கிக் கிட்டங்கியில் அடுக்குவதும் நமக்குப் பழகிய காரியங்கள். ஆகவே இடுப்புப் பிடிப்பு, தோள் வலி, முழங்கால் வீக்கம் என்ற பேச்சு நம்மிடையே ஓயாமல் நடப்பதில் வியப்பில்லை. முன்பு இதற்கெல்லாம் தைலமும், உருவி விடுகிறவரும் இருந்தார்கள். இப்போது கைக்குள் அடங்கும் ஒரு சிறு மின்சார யந்திரம் மருந்துக் கடையிலும், பாசார் மாலாமிலும், கைபேசி விளம்பரத்திலும் வந்து நிற்கிறது. இரண்டு ஒட்டுப் பட்டைகளை உடம்பில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினால் வலி போகும், தசை தேறும், தொப்பை கரையும் என்று விற்பவர் சொல்கிறார். நம்மில் சிலர் அதை வாங்குகிறோம். சிலர் விற்கவும் செய்கிறோம். வாங்கினாலும் விற்றாலும் சரக்கின் குணம் தெரிந்திருக்க வேண்டியது வியாபாரியின் கடமை அல்லவா? அதனால் இந்த மாதம் இந்த விஷயத்தை நாம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பழைய சங்கதி

மின்சாரத்தை வைத்தியத்துக்கு உபயோகிப்பது புதிது அன்று. ரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்கிரிபோனியுஸ் லார்குஸ் என்ற வைத்தியர், வாதத்தால் கால் வலிப்பவர் கடற்கரை ஈரத்தில் நின்று உயிருள்ள மின்திருக்கை மீனைக் காலடியில் வைத்துக்கொண்டால், முழங்கால் வரை மரத்துப்போய் வலி அடங்கும் என்று எழுதி வைத்தார். நைல் நதியில் அதிர்ச்சி கொடுக்கும் கெளுத்தி மீன் ஒன்று உண்டு. அரபியர் இடியைக் குறிக்கும் 'ரஅத்' என்ற சொல்லின் அடியிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். மின்சாரம் என்றால் என்னவென்று தெரியாத காலத்திலும், அந்த மீனின் தொடுகையில் உள்ள வேகத்தை மனிதர் அறிந்திருந்தனர்.

பிறகு இத்தாலியின் போலோனா நகரத்தில் கால்வானி என்பவர், செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டதும் துள்ளுவதைக் கண்டு ஆராய்ந்து, 1791ல் அதை வெளியிட்டார். பிரான்ஸ் தேசத்து டாக்டர் துஷேன், தோலின் மேலேயே மின்முனையை வைத்துக் குறிப்பிட்ட ஒரு தசையை மட்டும் சுருங்கச் செய்யலாம் என்று காட்டி, 1855ல் அதை நூலாக எழுதினார். இன்று நம் கையில் இருக்கும் சிறு யந்திரம் அந்த வழியில் வந்ததுதான்.

தசை எப்படி அசைகிறது?

நாம் ஒரு மூட்டையைத் தூக்க நினைத்ததும், மூளையிலிருந்து ஒரு செய்தி நரம்பு வழியாக ஓடித் தசையைச் சுருங்கச் சொல்கிறது. அந்தச் செய்தியே ஒரு வகை மின்சாரம்தான். வெளியிலிருந்து யந்திரம் அனுப்பும் சிறு மின் துடிப்பும் தோலுக்கடியில் உள்ள அதே நரம்பைத்தான் தட்டி எழுப்புகிறது. தந்தி வந்தது தலைமை ஆபீசிலிருந்தா, நடுவழியில் கம்பியைத் தொட்டவரிடமிருந்தா என்று தசைக்குத் தெரியாது. அது சுருங்கிவிடும்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மூளை வேலை வாங்கும்போது, நல்ல முதலாளி ஆட்களை மாற்றி மாற்றி வேலைக்கு விடுவது போல, ஒரு பகுதி இழைகள் உழைக்கையில் இன்னொரு பகுதிக்கு ஓய்வு கொடுக்கும். யந்திரமோ பட்டைக்குப் பக்கத்தில் உள்ள இழைகளை மட்டும், ஒரே நேரத்தில், திரும்பத் திரும்ப இழுக்கும். ஆகவே தசை சீக்கிரம் களைத்துப் போகும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் பின் போதிய ஓய்வு விட வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

இரண்டு யந்திரம், இரண்டு வேலை

கடையில் ஒன்று போலவே தோன்றும் பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்து அறியாததால்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

ஒன்று 'டென்ஸ்' என்பது. இது வலியை மறைப்பதற்கு. முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டால் நாம் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோம். வலி சற்று அடங்குகிறது. தேய்க்கும் உணர்ச்சி முதுகுத்தண்டில் முந்திக்கொண்டு போய், வலியின் செய்திக்குக் கதவைச் சாத்துகிறது என்று மெல்சாக், வால் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1965ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். டென்ஸ் யந்திரம் அந்தத் தேய்ப்பின் வேலையைத்தான் மின்சாரத்தால் செய்கிறது. வினாடிக்கு 80 முதல் 120 துடிப்பு வரை வைப்பது வழக்கம். உடம்பில் எறும்பு ஊர்வது போல் இருக்கும். தசை சுருங்க வேண்டியதில்லை. யந்திரம் ஓடும்போதும், நிறுத்திய பின் கொஞ்ச நேரமும் சிலருக்கு வலி குறையும். அடிபட்ட இடத்தை அது ஆற்றுவதில்லை.

மற்றது 'இ.எம்.எஸ்.' என்ற தசை இயக்கும் யந்திரம். இதில் துடிப்பு அகலமாகவும் பலமாகவும் இருக்கும். பலப்படுத்துவதற்கு வினாடிக்கு 35 முதல் 50 துடிப்பு அளவில் வைப்பார்கள். தசை கண்ணுக்குத் தெரியும்படி இறுகும், பிறகு விடும். சில பெட்டிகளில் இரண்டு வேலையும் சேர்ந்திருக்கும். எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் அழுத்தினால் பிரயோஜனம் இல்லை.

உண்மையில் உதவுமிடம்

இந்த வைத்தியம் நன்றாக உதவும் இடம், அடிபட்டோ ஆபரேஷன் ஆகியோ இயங்காமல் கிடக்கும் தசை. முக்கியமாக, முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் தொடையின் முன்தசை.

முழங்காலுக்குள் வீக்கம் இருந்தால், மூளை தொடைத் தசைக்குப் போகும் கட்டளையைத் தானாகவே அடக்கி வைக்கிறது. மூட்டைக் காப்பாற்ற உடம்பு செய்யும் ஏற்பாடு அது. நோயாளி எவ்வளவு முயன்றாலும் தசை முழுப் பலத்தோடு இறுகாது. இறுகாத தசை நாளுக்கு நாள் வற்றும். இரண்டு வாரம் போனால் ஒரு தொடை மற்றதைவிடச் சிறுத்திருப்பது கண்ணுக்கே தெரியும். அந்த நிலையில் வெளியிலிருந்து வரும் மின்சாரம், மூளை பூட்டி வைத்த வாசலைச் சுற்றிக்கொண்டு போய்த் தசைக்கு வேலை கொடுக்கிறது.

அமெரிக்காவில் முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட 66 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு ஒன்று 2012ல் வெளிவந்தது. எல்லோருக்கும் வழக்கமான பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும், ஆபரேஷன் ஆகி 48 மணி நேரம் கழித்துத் தொடங்கி, தினம் இரு வேளை வீதம் ஆறு வாரம் இந்த மின்சாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பிரிவினருக்குத் தொடையின் பலமும், நடக்கும் திறனும், படியேறும் திறனும் மேலாகத் திரும்பின. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த நன்மை தெரிந்தது.

நம் கடைத்தெருவில் ஓர் அன்பர் ஏணியிலிருந்து விழுந்து முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும், கால் தாங்கவில்லை. தொழுகையில் குனியவோ, கடையில் அரை மணி நேரம் நிற்கவோ முடியவில்லை. மலிவான யந்திரம் ஒன்றை வாங்கி, உடம்பு கூசும் அளவுக்கு மட்டும் வைத்து, படுத்தபடி மாதம் ஒன்றைக் கழித்தார். தொடை வற்றியதுதான் மிச்சம். பிறகு பிசியோதெரபி வைத்தியரிடம் போனார். "காக்கா, தசை இறுகுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது இறுகும்போது நீங்களும் சேர்ந்து காலை நீட்டி இறுக்க வேண்டும். நீங்கள் சும்மா கிடந்தால் யந்திரமும் சும்மாதான்" என்று அவர் சொல்லிக் கொடுத்தார். அதன்படி பயிற்சியும் மின்சாரமும் சேர்ந்து நடந்தபின், சில மாதத்தில் அவர் பழையபடி கல்லாவில் வந்து நின்றார். அவரை நிற்க வைத்தது மின்சாரம் மட்டும் அன்று. மின்சாரம் பயிற்சிக்கு வழி திறந்து கொடுத்தது.

பக்கவாதத்தில் பாதம் தொங்கிப்போனவர்களுக்கும் இது உதவும். நடக்கும்போது சரியான தருணத்தில் காலின் நரம்பைத் தட்டிப் பாதத்தைத் தூக்கச் செய்யும் கருவியை லிபர்சன் என்பவர் 1961ல் விளக்கி எழுதினார். அதன் பின்வந்த கருவிகள் இன்றும் உபயோகத்தில் இருக்கின்றன.

மூட்டை தூக்கிய மறுநாள் வலி

இனி நமக்கு அடிக்கடி வரும் வலியைப் பார்ப்போம். நோன்புப் பெருநாளுக்கு முன் சரக்கு வந்து இறங்குகிறது. பழக்கமில்லாத அளவுக்குத் தூக்கி அடுக்குகிறோம். அன்று ஒன்றும் தெரியாது; மறுநாளும் அதற்கடுத்த நாளும் கை கால் எடுக்க முடியாமல் வலிக்கிறது. தசையில் 'ஆசிட்' தங்கிவிட்டது என்று பலர் சொல்வார்கள். அது சரியன்று. உழைக்கும்போது சேரும் லாக்டிக் ஆசிட் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். பழக்கமில்லாத வேலையால், முக்கியமாகப் பாரத்தை மெல்ல இறக்கும்போது, தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதை உடம்பு செப்பனிடும் வேலையுமே அந்த வலிக்குக் காரணம். 24 மணியிலிருந்து 72 மணி வரை அது உச்சத்தில் இருந்து, பிறகு தானே அடங்கும்.

இந்த வலிக்கு மின்சாரம் வைத்தால் சிலருக்கு இதமாக இருக்கும். ஆனால் தசையின் பலம் அதனால் சீக்கிரம் திரும்புகிறது என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. மெல்ல நடப்பதும், இலேசான வேலையும், நல்ல தூக்கமும் செய்யும் நன்மையைவிட இது மேலானது என்று சொல்வதற்கில்லை. இருக்கிறவர் உபயோகிக்கலாம், இதற்கென்றே கடன் பட்டு வாங்க வேண்டியதில்லை. இடுப்புப் பிடிப்புக்கும் இதே கணக்குதான். படுத்துக் கிடக்காமல் இயன்ற அளவு நடமாடுவதே பெரும்பாலோருக்கு நல்ல மருந்து. புதிதாகச் சுளுக்கி வீங்கியிருக்கும் கணுக்காலில் தசையை இறுக்கும் மின்சாரத்தை உடனே வைப்பது நல்லதன்று.

வீண் பெருமைகள்

தொப்பை கரைக்கும் பெல்ட் என்று விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரு சொல். 2002ல் அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கழகம், அப்படிப்பட்ட மின்சார பெல்ட் மூன்றின் விளம்பரங்கள் பொய் என்று வழக்குத் தொடுத்தது. தசை துடிப்பதால் மேலிருக்கும் கொழுப்பு கரையாது. கொழுப்புக் கரைய, சாப்பாட்டையும் நடையையும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று ருஷ்யக் கதை. சோவியத் விஞ்ஞானி யாகோவ் கோட்ஸ் 1977ல் கனடாவில் நடந்த கூட்டத்தில், தேர்ந்த விளையாட்டு வீரர்களின் பலத்தைக்கூட மின்சாரத்தால் 40 சதவிகிதம் வரை கூட்டலாம் என்றார். பிற தேசத்தார் செய்து பார்த்தபோது அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. ஆனால் அவர் வகுத்த முறை, அதாவது 10 வினாடி இறுக்கம், 50 வினாடி ஓய்வு, இப்படிப் பத்து முறை என்பது இன்றும் வைத்தியர்களுக்குப் பயன்படுகிறது. ஒருவர் சொன்னதில் மிகையைத் தள்ளி நல்லதை எடுத்துக்கொள்வதற்கு இது ஓர் உதாரணம்.

யார் தொடக்கூடாது?

அன்பர்கள் இந்தப் பகுதியை வீட்டிலுள்ளவர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டுகிறோம்.

இருதயத்தில் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைத்திருப்பவர் இதைத் தொடவே கூடாது. தம் இருதய டாக்டர் அனுமதித்தாலன்றி. கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் வைக்கக்கூடாது. காக்காய் வலிப்பு உள்ளவர், புற்றுநோய் உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் உபயோகிக்கக்கூடாது. யாராக இருந்தாலும் கழுத்தின் முன்பக்கத்திலும், தலையிலும், நெஞ்சுக்குக் குறுக்காகவும், புண்ணின் மேலும் பட்டையை ஒட்டக்கூடாது.

நீரிழிவுக்காரர் தனியாகக் கவனிக்க வேண்டும். மலேசியாவில் 2023ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 சதவிகிதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இந்த நோய் இருக்கிறது. நீரிழிவால் பாதம் மரத்தவருக்கு, மின்சாரம் அதிகமாகித் தோல் சுடுவது தெரியாது. நாளை அது ஆறாத புண்ணாகலாம். உணர்ச்சி இல்லாத இடத்தில் பட்டை ஒட்ட வேண்டாம்.

நீண்ட பிரயாணம் செய்து வந்தபின், அல்லது பல நாள் படுத்திருந்தபின், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது தசைப் பிடிப்பாக இல்லாமல், இரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். அதை உருவவும் கூடாது, மின்சாரமும் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலும், சிறுநீர் போகாமல் நின்றாலும், மர்மஸ்தானத்தைச் சுற்றி மரத்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, சரக்கு இறக்கிய மாலையில் இடது தோளில் வலி என்றார். மூட்டை தூக்கியதால் வந்த வலி என்று எண்ணிப் பையன் யந்திரத்தை எடுத்து வந்து ஒட்டினான். நல்லவேளையாக, அவர் முகம் வேர்த்திருப்பதைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர் பட்டையைப் பிய்த்தெறிந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வந்தது மாரடைப்பு. இன்னும் ஒரு மணி நேரம் தோளில் பட்டையோடு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெஞ்சு, இடது தோள், தாடை இவற்றில் வலியும், வேர்வையும், மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் அதைத் தசை வலி என்று தீர்மானிக்க நமக்கு அதிகாரம் இல்லை. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

உபயோகிக்கும் முறை

வைத்தியர் சரியென்று சொன்னவர்கள் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். தோலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். தைலம் பூசிய இடத்தில் பட்டை ஒட்டாது, எரிச்சலும் வரும். இரு பட்டைகளையும் ஒரே தசையின் சதைப் பாகத்தில், ஒன்றையொன்று தொடாமல் ஒட்டுங்கள். யந்திரத்தை நிறுத்தி வைத்துவிட்டே ஒட்டவும் பிய்க்கவும் வேண்டும். அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பலம் தேடுபவருக்கு இறுக்கம் நன்றாகத் தெரிய வேண்டும். ஆனால் சுரீரென்று எரிந்தால் குறைக்க வேண்டும். ஆரம்பத்தில் பத்து நிமிஷம் போதும். பழைய பட்டை ஒட்டும் சக்தி இழந்தால் மாற்றிவிடுங்கள். ஓரம் கிளம்பிய பட்டைதான் தோலைச் சுடும். குளிக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும், தூங்கும்போதும் கூடாது. ஒருவர் ஒட்டிய பட்டையை மற்றவர் ஒட்டக்கூடாது.

உடம்பு முழுதும் மின்சார உடுப்பு மாட்டிப் பயிற்சி கொடுக்கும் இடங்களும் இப்போது வந்துள்ளன. முதல் நாளே மிதமிஞ்சிச் செய்தால் தசை நொறுங்கி, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கிய சம்பவங்கள் வைத்தியப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கின்றன. பயிற்சிக்குப்பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாங்குவோரும் விற்போரும்

மலேசியாவில் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டப்படி, இப்படிப்பட்ட வைத்தியக் கருவிகள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் இதைக் கவனிக்கிறது. பதிவு எண் கேட்டு வாங்குங்கள். எண் சொல்லத் தெரியாத கடையில் விலை மலிவு என்பது மலிவு ஆகாது. சர்க்காரின் பதிவு உண்டு என்பதற்காகத் தொப்பை கரையும் என்ற பேச்சும் உண்மையாகிவிடாது.

நம்மில் இதை விற்பவர்கள் இருந்தால், வாங்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேட்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும். "உங்கள் வீட்டில் யாருக்காவது இருதயக் கருவி உண்டா? வலிக்கும் இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா?" இதனால் ஒரு விற்பனை போகலாம். சரக்கின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பது நம் முன்னோர் இந்தக் கரையில் வந்திறங்கிய நாளிலிருந்து நமக்குப் பெயர் வாங்கித் தந்த வழக்கம். அந்தப் பெயர் ஒரு பெட்டியின் லாபத்தைவிடப் பெரிது.

கடைப் பையன்களைப் பற்றியும் முதலாளிமார்கள் யோசிக்க வேண்டும். பையனுக்கு அடிபட்டால் ஒரு யந்திரத்தைக் கையில் கொடுத்து மூலையில் உட்கார வைப்பது உதவி ஆகாது. பெர்கேசோவில் அவனுக்குச் சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால், வேலையில் அடிபட்டவனுக்கு வைத்தியமும் மறுவாழ்வுப் பயிற்சியும் கிடைக்க வழியுண்டு. மலாக்காவில் 2014ல் திறக்கப்பட்ட பெர்கேசோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் அதற்காகவே இருக்கிறது. சொந்தமாகத் தொழில் செய்பவரும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தம்மைப் பதிந்துகொள்ளலாம். அதைவிட மேலானது, அடிபடாமல் காப்பது. கிட்டங்கியில் ஒரு தள்ளுவண்டி வாங்கி வைப்பதும், பெரிய மூட்டைக்கு இரண்டு பேரை விடுவதும் எந்த யந்திரத்தைவிடவும் அதிக முதுகுகளைக் காப்பாற்றும்.

சுருக்கமாகச் சொன்னால், ஆபரேஷனுக்குப் பின் வற்றும் தசைக்கு, வைத்தியர் மேற்பார்வையில், பயிற்சியோடு சேர்ந்து, இந்த மின்சாரம் நல்ல துணை. மூட்டை தூக்கிய வலிக்குச் சிறிது இதம். தொப்பைக்கு ஒன்றும் இல்லை. இருதயக் கருவி வைத்தவருக்கும், காரணம் தெரியாத வலிக்கும் அபாயம். இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டு, வாங்குமுன் டாக்டரையோ பிசியோதெரபி வைத்தியரையோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோமாக. வஸ்ஸலாம்.